பூட்டு என்று நான் எழுதிய சந்து

இஸ்திரிக்காரர் இன்று காலை என் வெள்ளைக் கைத்தறிப் புடவையைக் கொண்டுவந்து கொடுத்தபோது, தோள் பக்கத்து மடிப்பைத் தனியாக எடுத்துக் காட்டினார். ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டமாக ஒரு பழுப்புக் கறை. "நான் பண்ணலம்மா. துரு இது. எலுமிச்சம்பழமும் உப்பும் தேய்ச்சு வெயில்ல போட்டுப் பாருங்க, போனாலும் போகும்" என்றார். போகவேண்டாம், இருக்கட்டும் என்றேன். வெள்ளைப் புடவையில் கறையை விரும்பி வைத்துக்கொள்ளும் பொம்பளையை அவர் பார்த்திருக்கமாட்டார். மூட்டையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

உன் தகர பேட்ஜ் செய்த வேலை அது. முப்பது வருஷத்துக்கு முன்னால், அமெரிக்காவில், உன் வேட்பாளருக்காக நீ கோட்டில் குத்திக்கொண்டு திரிந்த பேட்ஜ். நீலமும் வெள்ளையும். அந்த மனிதரின் பெயரில் பாதி எழுத்து உரிந்துபோய்விட்டது. மூன்று வாரத்துக்கு முன் பிரேசர் டவுனில் உனக்கு நினைவுக் கூட்டம் வைத்தார்களே, அதற்கு நான் அதைத் தோளில் குத்திக்கொண்டு போனேன். வழியெல்லாம் மழை. ஈரப் புடவையோடு கடைசி வரிசையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

உன் தம்பி பேசினார். நல்ல மனிதர்தான், அழுதுகொண்டேதான் பேசினார். ஆனாலும் இப்படிச் சொன்னார்: "எங்க அக்காவுக்கு நல்ல மனசு. பாவம், அமெரிக்காலயும் தோத்தாங்க, இங்க வந்தும் தோத்தாங்க. இனிமேலாவது ஆண்டவர் அவங்களுக்கு சமாதானம் குடுக்கட்டும்." எல்லாரும் தலையை ஆட்டினார்கள். பக்கத்திலிருந்த அம்மா 'ச்சு' கொட்டினார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. யாரும் கூப்பிடாமலே எழுந்து நின்றேன். "ரெண்டு தேசத்துல தோத்தது வாஸ்தவம். பாவம்னு மட்டும் சொல்லாதீங்க. அவ நின்ன பக்கம் தப்பான பக்கம்னு இங்க யாராவது ஒருத்தர் சொல்லுங்க, நான் உக்காந்துடறேன்" என்றேன். பாஸ்டர் தொண்டையைச் செருமினார். பிறகு சமோசாவும் காபியும் கொடுத்தார்கள்.

அங்கே நான் பாதிதான் சொன்னேன். இங்கே நீ தோற்றதில் என் கையும் இருக்கிறது என்பதைச் சொல்லவில்லை. அது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம். இன்று சாயங்காலம் நான்கு மணிக்கு அந்த விஷயத்துக்கு ஒரு முடிவு கட்டியாக வேண்டும். அதற்கு முன்னால் உன்னோடு கொஞ்சம் பேசிக்கொள்கிறேன்.

கல்லூரியில் நாம் ஒரே பெஞ்சு. நான் இருபத்திரண்டு வயதில் மாநில அரசு அலுவலகத்தில் கிளார்க் ஆனேன். அன்றிலிருந்து எனக்கு நீ வைத்த பெயர் 'சர்க்கார்'. என் அப்பா அரசாங்கம், தாத்தா மகாராஜா காலத்து அரசாங்கம், எங்கள் வீட்டில் மூச்சுவிடக்கூட சுற்றறிக்கை வரவேண்டும் என்பாய். நீ கல்யாணம் பண்ணிக்கொண்டு, இன்ஜினியர் கணவரோடு அமெரிக்காவின் நடுவில் எங்கேயோ ஒரு தொழிற்சாலை ஊருக்குப் போனாய். அங்கிருந்து நீல நிற ஏர் லெட்டர்கள் வர ஆரம்பித்தன. மற்றவர்களின் அமெரிக்கக் கடிதங்களில் ஃபிரிட்ஜும் காரும் இருக்கும். உன் கடிதங்களில் தெருவும் கூட்டமும்தான் இருந்தன.

'சனிக்கிழமைதோறும் போஸ்ட் ஆபீஸ் படிக்கட்டில் பதினைந்து பொம்பளைகள் ஒரு மணி நேரம் அட்டையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நிற்கிறோம். போரை நிறுத்து என்று அட்டையில் எழுதியிருக்கும். பேசாமல் நிற்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்' என்று ஒருமுறை எழுதியிருந்தாய். அலுவலகத்தில் ஃபைலுக்கு நடுவில் வைத்துப் படித்தேன், சிரிப்பு வந்துவிட்டது. உனக்கு அந்த நாட்டில் ஓட்டுகூடக் கிடையாது. அந்தப் போரில் சாக உன் வீட்டுப் பிள்ளை யாரும் போகவுமில்லை. பிறகு ஏன் நிற்கிறாய் என்று கேட்டு எழுதினேன். 'எதிர் வீட்டுப் பையன் போயிருக்கிறான். தினம் அவன் அம்மா குப்பைத் தொட்டி வைக்க வரும்போது என் முகத்தைப் பார்க்கிறாள்' என்று பதில் வந்தது.

படிக்கட்டில் நின்றால் போர் நிற்காது, கட்சிக்குள் போக வேண்டும் என்று உங்கள் கூட்டம் முடிவு செய்தது. லிபரல் என்று உங்களைச் சொல்லிக்கொண்டீர்கள். அந்த வார்த்தையை உன் கடிதத்தில்தான் நான் முதலில் படித்தேன். உங்கள் வார்டில் கட்சியை நடத்தியவர் ஒரு முடிதிருத்தும் கடைக்காரர். யார் மகனுக்கு வேலை வேண்டும், யார் வீட்டுச் சாக்கடை அடைத்துக்கொண்டது, யார் வீட்டில் சாவு, எல்லாம் அவருக்குத் தெரியும். தேர்தல் வந்தால் அவர் காட்டிய பக்கம் தெருக்கள் ஓட்டுப் போடும். போர், நீக்ரோக்களின் உரிமை, பெண்கள் உரிமை என்றால் மட்டும் அவர் காதைப் பொத்திக்கொள்வார்.

அந்தச் சமயத்தில்தான் உங்கள் கட்சி விதியை மாற்றியது. ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பெரிய மாநாட்டுக்குப் போகும் பிரதிநிதிகளில் பெண்கள் இருக்க வேண்டும், இளைஞர்கள் இருக்க வேண்டும், கறுப்பர்கள் இருக்க வேண்டும். கடைக்காரர் அதைப் படிக்கவில்லை. நீங்கள் எழுத்து எழுத்தாகப் படித்தீர்கள். பள்ளிக்கூடத்து நிலவறையில் வார்டு கூட்டம் நடந்த அன்று அவர் பக்கம் பதினான்கு பேர், உங்கள் பக்கம் தொண்ணூறு பேர். பிள்ளைத்தாய்ச்சிகள், மாணவர்கள், தாடிக்காரர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். கையைத் தூக்கினீர்கள், ஜெயித்தீர்கள். கடைக்காரர் தொப்பியை எடுத்துக்கொண்டு, "இனிமே தெருவை நீங்களே பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனாராம். நீங்கள் எல்லாரும் கை தட்டினீர்களாம். அந்தக் கைதட்டலைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தாய். எனக்கும் படிக்கப் படிக்க ஜிவ்வென்று இருந்தது.

அப்புறம் கதவு தட்டும் வேலை. வீட்டுக்கு ஒரு அட்டை. ஒன்று என்றால் நிச்சயம் நமக்கு ஓட்டு, ஐந்து என்றால் நிச்சயம் கிடையாது, மூன்று என்றால் யோசிக்கிறவர்கள். ஆள் இல்லாவிட்டால் எண் போடக்கூடாது, 'வீட்டில் இல்லை' என்று எழுதிவிட்டு மறுபடி போக வேண்டும். "கதவு திறக்கறவரைக்கும் அது யார் வீடுன்னு உனக்குத் தெரியாது" என்பது உன் வாய்ப்பாடு. கோடை முழுக்கத் தட்டினாய். பனி விழும் வரைக்கும் தட்டினாய்.

நவம்பரில் உங்கள் வேட்பாளர் மண்ணைக் கவ்வினார். சும்மா தோல்வி இல்லை, நாடு முழுக்கத் துடைத்து எறிந்த தோல்வி. உங்கள் வார்டிலும் தோல்வி. கடைக்காரரின் தெருக்கள் ஓட்டுப் போடவே வரவில்லை, வந்தவர்களும் எதிர்ப்பக்கம் குத்திவிட்டார்கள். 'ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு தெரு. அங்கே நம் ஆட்கள் போகவே இல்லை. தோற்ற பிறகு போனேன். ஒரு அம்மா, யாரும் வரவில்லையே என்றாள்' என்று எழுதியிருந்தாய். அதோடு கடிதம் முடிந்துவிட்டது, வழக்கமான 'உன் பிரியமுள்ள' கூட இல்லை.

ஆனால் நீ நிறுத்தவில்லை. அதுதான் உன்னிடம் எனக்குப் பிடித்தது, பிடிக்காததும் அதுதான். ஜெயித்த ஜனாதிபதி இரண்டு வருஷத்தில் திருட்டுத்தனம் வெளிப்பட்டுப் பதவியை விட்டுப் போனார். அன்று நீ எழுதியது ஒரே வரி: 'நாங்கள் சொன்னோம்.' பெண்ணுக்கும் ஆணுக்கும் சம உரிமை என்று அவர்கள் சட்டத்தில் ஒரு வரி சேர்க்க, வருஷா வருஷம் வெள்ளை உடுத்திக்கொண்டு மாநிலத் தலைநகருக்கு பஸ் ஏறினாய். வருஷா வருஷம் உங்கள் கட்சிக்காரர்களிலேயே சிலர் காலை வாரினார்கள். எழுபதுகளின் கடைசியில், 'இங்கே லிபரல் என்பது வசவாகிவிட்டது. நம் கட்சித் தலைவர்களே அந்தப் பெயரைக் கழற்றிப் போட்டுவிட்டார்கள். நான் போடமாட்டேன். ஞானஸ்நானத்தில் வைத்த பெயரைப்போல வைத்துக்கொள்ளப் போகிறேன்' என்று எழுதினாய்.

எமர்ஜென்சி வந்தபோது நான் பயந்துபோய், அரசியல் எழுதாதே, கடிதங்களைப் பிரிக்கிறார்கள் என்று உனக்கு எழுதினேன். அலுவலகச் சுவரில் ஒட்டச் சொன்ன வாசகங்களை நானே ஒட்டினேன், அதையும் எழுதினேன். உன் பதில் வந்தது. 'எனக்கு இங்கே ஓட்டு இல்லை, வாய் இருக்கிறது. உனக்கு அங்கே ஓட்டு இருக்கிறது, வாயைக் காணோம். நாம் இரண்டு பேரும் சேர்ந்தால்தான் ஒரு முழுக் குடிமகள்.' அந்தக் கடிதத்தை நான் கிழித்துக் கக்கூஸில் போட்டேன். இன்றுவரை அதை உன்னிடம் சொன்னதில்லை.

தொண்ணூற்றொன்றில் நீ திரும்பி வந்தாய். கணவர் அங்கே வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டார். இரண்டு பெட்டி, ஒரு செருப்பு டப்பா, அவ்வளவுதான் உன் இருபது வருஷம். செருப்பு டப்பாவில் பழைய அட்டைகளும் இந்த பேட்ஜும். பிரேசர் டவுனில் தம்பி வீட்டு மாடியில் இடம் பிடித்துக்கொண்டாய். முதல் வேலையாக வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க என்னை இழுத்துக்கொண்டு போனாய். நாற்பத்தொன்பது வயதில் முதல் ஓட்டு போட்டுவிட்டு வந்து, விரல் மையை தர்ஷினி ஹோட்டலில் எல்லாருக்கும் காட்டினாய். 'பை டூ காபி' என்று சொல்லி ஒன்றை இரண்டாகப் பிரித்து நின்றபடி குடித்தோம்.

நீ வந்த அதே வருஷம் டிசம்பரில்தான் காவிரிக் கலவரம். என் வீடு விவேக் நகர்ப் பக்கம். வாசலில் என் கணவர் பெயர் கன்னடத்திலும் தமிழிலும் எழுதிய பலகை இருக்கும். அவர் இறந்துபோய் இரண்டு வருஷம் ஆகியும் நான் எடுக்கவில்லை. ஏழெட்டுப் பேர் வந்தார்கள். பலகையைப் பிடுங்கிச் சாக்கடையில் போட்டார்கள். ஒரு கல் ஜன்னல் கண்ணாடியை உடைத்தது. பக்கத்து வீட்டு கவுடர் குடும்பம் மூன்று நாள் என்னைத் தங்கள் வீட்டில் வைத்துக்கொண்டது, அதையும் சொல்லத்தான் வேண்டும். வந்தவர்களில் ஒருவனை எனக்கு முகம் தெரியும் என்று நினைத்தேன். பின் சந்து முனையில் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். அன்றிலிருந்து அந்தச் சந்தில் நான் கால் வைக்கவில்லை. பஸ் ஸ்டாப்புக்குச் சுற்றிக்கொண்டு போனேன்.

அப்புறம் மாநகராட்சித் தேர்தல் வந்தது. எங்கள் வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது. நீ அதற்கு முன்பே இங்கே ஒரு கட்சியில் சேர்ந்திருந்தாய். எந்தக் கட்சி என்று இங்கே எழுதவேண்டியதில்லை, எல்லாம் ஒரே லட்சணம்தான். டயர் கடை மாடியில் ஆபீஸ். பிலோமினாவை நீதான் கண்டுபிடித்தாய். கார்மென்ட்ஸ் ஃபாக்டரியில் தையல் வேலை, வேலை நேரத்தில் கக்கூஸைப் பூட்டிவைத்த மேனேஜருக்கு எதிராக முந்நூறு மெஷினை ஒரு மணி நேரம் நிறுத்திக் காட்டியவள். "நான் நின்னா யாருக்கா ஓட்டு போடுவாங்க" என்றாள் அவள். "நீ நில்லு. யாரு போடுவாங்கன்னு போய்க் கேக்கறது எங்க வேலை" என்றாய் நீ.

அமெரிக்க வித்தையை இங்கேயும் காட்டினாய். கட்சி விதிப் புத்தகத்தை வாங்கிப் படித்தாய். வார்டு கமிட்டிதான் வேட்பாளரைப் பரிந்துரைக்க வேண்டும் என்று அதில் இருந்தது. முப்பது பெண்களைக் கூட்டிக்கொண்டு மாடி ஏறினாய். கை தூக்கச் சொன்னாய், அத்தனை கையும் பிலோமினாவுக்கு. மாவட்டத் தலைவர் காபியைக் குடித்துக்கொண்டே தலையாட்டினார். இரண்டு நாள் கழித்துப் பட்டியல் வந்தது, கான்ட்ராக்டர் ஒருவரின் மனைவி பெயரோடு. கேட்கப்போன உன்னிடம் தலைவர், "மேடம், ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாட்கொள்ளி. அடுத்த சலா பாப்போம்" என்றார். கொஞ்சம் அனுசரித்துப் போகவேண்டுமாம், அடுத்த தடவை பார்க்கலாமாம். நீ உறுப்பினர் கார்டை அவர் காபி டம்ளருக்குக் கீழே வைத்துவிட்டு இறங்கினாய். படியில் என்னிடம், "அங்க ரூல் புக்கை வெச்சு ஜெயிச்சேன், ஊரைத் தோத்தேன். இங்க ரூல் புக்கை நான் ஒருத்திதான் படிச்சிருக்கேன்" என்று சிரித்தாய். பிலோமினா சுயேச்சையாக நின்றாள். தையல் மெஷின் சின்னம் கிடைத்தது.

நான் விருப்ப ஓய்வு வாங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. முதன்முதலாக யாருக்கும் பயப்படாமல் ஒரு வேலை செய்யப்போகிறேன் என்று துள்ளினேன். அட்டைகளை நான்தான் கோடு போட்டேன், கதவு எண் வாரியாக அடுக்கினேன். ஒன்றிலிருந்து ஐந்து. ஆள் இல்லாத வீட்டுக்கு 'பூட்டு'. முப்பது வருஷத்துக்கு மேல் கிளார்க்காகக் குப்பை கொட்டியதற்கு அன்றுதான் பலன் தெரிந்தது. தெருக்களைப் பிரித்தபோது பின் சந்தும் என் பங்கில் விழுந்தது. உன்னிடம் வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மற்ற தெருக்களை எல்லாம் ஒழுங்காக முடித்தேன். பின் சந்துக்கான இருபத்தேழு அட்டைகளை எடுத்துக்கொண்டு தர்ஷினியில் நின்று, ஒரு முழுக் காபி வாங்கிக்கொண்டு, ஒவ்வொன்றிலும் 'பூட்டு' என்று எழுதினேன். கையெழுத்து மணிமணியாக இருந்தது. மறுபடி போனேன் என்று காட்டுவதற்கு இரண்டாவது வரியிலும் 'பூட்டு' என்று வேறு மையில் எழுதினேன்.

பிலோமினா தோற்றாள். கான்ட்ராக்டர் மனைவிக்கும் அவளுக்கும் இருந்த வித்தியாசம் அந்தச் சந்தின் ஓட்டுகளைவிடக் குறைவு. முடிவு வந்த மறுநாள் நீ வார்டு முழுக்க நன்றி சொல்லக் கிளம்பினாய். போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் சொல்ல வேண்டும் என்றாய். சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தாய். காபி கேட்டு, வீட்டுக் காபியையும் வழக்கம்போல பாதி ஊற்றி என் பக்கம் தள்ளினாய். பையிலிருந்து அந்த இருபத்தேழு அட்டைகளை எடுத்து மேஜையில் பரப்பினாய்.

"சர்க்கார், ஒரு சந்து முழுக்க ஒரே நாள்ல கல்யாணத்துக்குப் போயிருந்தாங்களா?"

நான் அட்டைகளைத் திரும்ப அடுக்கத் தொடங்கினேன்.

"அங்க ஒரு அம்மா, 'யாரூ பரலில்லா' அப்படின்னாங்க. யாருமே வரலையாம்."

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "உனக்கு என்ன? உன் வீட்டுக் கண்ணாடியா உடைஞ்சது? உன் வீட்டுக்காரர் பேரையா சாக்கடைல போட்டாங்க? அந்த சந்துல போய் நான் பல்லை இளிச்சிட்டு நிக்கணுமா?" என்று கத்தினேன். நீ டம்ளரை ஓரமாகத் தள்ளிவைத்தாய். பிறகு சொன்னாய். நீ அன்று சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை நான் வைத்திருக்கிறேன்.

"ரயில் பாதை பக்கத்துல ஒரு தெரு, நம்ம ஆளுங்க போகலைன்னு உனக்கு எழுதினேன் இல்ல? நம்ம ஆளுங்க யாருமில்லடி. நான்தான். அந்தத் தெரு என்னுது. முதல் வீட்டுல ஒரு ஆளு கதவைத் திறந்தான், கோட்டுக்குக் கீழ என் புடவையைப் பாத்தான், உன் ஊருக்குப் போன்னு சொல்லி காலடில துப்பினான். நான் மூலைல பஸ் ஸ்டாப்ல போய் உக்காந்துட்டேன். முப்பது அட்டைலயும் 'வீட்டில் இல்லை'ன்னு எழுதினேன். குளிர்ல விரல் மரத்துப்போய் எழுத்து கோணலா இருந்துச்சு, அதனால யாரும் சந்தேகப்படல. உன்னுது மாதிரி அழகா எழுதியிருந்தா மாட்டியிருப்பேன்."

நான் சிரிக்கவில்லை, நீயும் சிரிக்கவில்லை.

"தோத்த பிறகு போனேன். மூணாவது வீட்டுல ஒரு அம்மா. அவங்க பையன் அந்தப் போர்ல செத்திருந்தான். போரை நிறுத்தறோம்னு சொல்ற கட்சி எது, அதை ஒருத்தர்கூட வந்து சொல்லலையேன்னாங்க. முன்னாடி முடிவெட்டற கடைக்காரராவது வருவார், இப்ப யாரும் வர்றதில்லன்னாங்க. முதல் கதவு அஞ்சு, சர்க்கார். அதுக்காக நான் மூணாவது கதவைத் தட்டாம விட்டேன்."

பிறகு எழுந்தாய். அட்டைகளை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி என் கையில் கொடுத்தாய். "உன்னைத் திட்ட வரல. அடுத்த தடவை இந்த சந்துலதான் ஆரம்பிக்கிறோம். தட்டறது நீ. நான் பக்கத்துல நிக்கறேன்" என்றாய். பிலோமினாவிடம் நீ சொல்லவில்லை. நான் சொல்லவேண்டும் என்று விட்டுவைத்தாய் என்று எனக்குப் புரிந்தது. புரிந்தும் ஐந்து வருஷம் இழுத்தடித்தேன். நீ பக்கத்தில் நிற்பதாகச் சொன்ன அந்த அடுத்த தடவை வருவதற்குள் உன் இதயம் நின்றுவிட்டது.

இப்போது மறுபடியும் தேர்தல். பிலோமினா மறுபடியும் நிற்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மெஷினில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். மிதியிலிருந்து காலை எடுத்தாள். மன்னிக்கிறேன் என்றோ, பரவாயில்லை என்றோ சொல்லவில்லை. "இந்தத் தடவை அந்த சந்து யாருக்குக்கா?" என்று கேட்டாள். எனக்கு என்றேன். "சரி" என்று மறுபடி மிதிக்க ஆரம்பித்தாள்.

மணி மூன்றரை. இதை இத்தோடு நிறுத்துகிறேன். கறை பட்ட புடவையைத்தான் கட்டியிருக்கிறேன். பேட்ஜைச் சரியாகக் கறையின் மேலேயே குத்தியிருக்கிறேன். பயமாக இருக்கிறது. இருக்கட்டும். பயத்தோடு போகக்கூடாது என்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை.

போய்விட்டு வந்துவிட்டேன், மேலே எழுதுகிறேன். விளக்கு வைக்கும் நேரம் ஆகிவிட்டது, கால் வலிக்கிறது, ஆனாலும் இதை இன்றே எழுதிவிட வேண்டும்.

சந்து முனையில் முதல் கதவு சைக்கிள் கடைதான். வேறு எங்கேயாவது தொடங்கலாமே என்று ஒரு நிமிடம் தோன்றியது. அட்டையில் முதல் எண் அதுதான். அவன் ட்யூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தான். தலை நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரிந்ததோ இல்லையோ, எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. அன்று வந்தவன் அவன்தானா என்பதுகூட இத்தனை கிட்டத்தில் பார்த்தபோது எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. பிலோமினாவின் நோட்டீஸைக் கொடுத்து, யார், என்ன செய்தாள், ஏன் நிற்கிறாள் என்று கன்னடத்தில் சொன்னேன். அவன் முழுக்கக் கேட்டான்.

"இல்லம்மா. நாவு பேரே பார்ட்டி" என்றான். அவர்கள் வேறு கட்சியாம்.

சரி என்றேன். அவன் என் தோளைப் பார்த்து, "ஏனு அது?" என்று பேட்ஜைக் காட்டினான்.

"சோத்தோரது" என்றேன். தோற்றவர்களுடையது.

அவனுக்கு என்ன புரிந்ததோ, தலையை ஆட்டிவிட்டு மறுபடி ட்யூபைத் தண்ணீரில் முக்கினான். நான் அட்டையை எடுத்தேன். ஐந்து வருஷம் ரப்பர் பேண்டில் கிடந்த அதே அட்டை, இரண்டு மையில் இரண்டு பூட்டு. இரண்டையும் அடித்துவிட்டு, அவன் கண் முன்னாலேயே ஐந்து என்று எழுதினேன். நீ இருந்திருந்தால் அந்த ஐந்தைப் பார்த்துக் கை தட்டியிருப்பாய்.

அடுத்த வீட்டுக் கதவு மூடியிருந்தது. தட்டினேன்.